அளக்க ஒருவர், சந்தேகிக்க ஒருவர்

ஐம்பதுகளின் பிரிட்டனில் 500 சிசி பந்தயக் கார்களைக் கட்டியவர்களுக்கு நார்ட்டன் மான்க்ஸ் மோட்டார் சைக்கிளின் ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின் மீது தீராத ஆசை இருந்தது. நார்ட்டன் நிறுவனம் அதைத் தனியாக விற்க மறுத்தது. எனவே அவர்கள் முழு வண்டியையே வாங்கி, இன்ஜினைக் கழற்றிக்கொண்டு, மிச்சத்தை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். அப்படி வெறுமையாக நின்ற ஃப்ரேம்களுக்குள் டிரையம்ஃப் இரட்டைச் சிலிண்டர் இன்ஜினைப் பொருத்தி உருவான கலப்பு வண்டிக்கு 'டிரைட்டன்' என்று பெயர் வந்தது. நார்ட்டனின் விற்பனைப் பட்டியலிலும் அது இல்லை, டிரையம்ஃபின் பட்டியலிலும் இல்லை. ஆனாலும் 1965-இல் பார்சிலோனா 24 மணி நேரப் பந்தயத்தை டேவ் டெகன்ஸும் ரெக்ஸ் புட்சரும் ஒரு டிரைட்டனை ஓட்டித்தான் வென்றார்கள். இப்படிப்பட்ட வண்டிகளைப் பெற்றோரும் பிள்ளையுமாக வீட்டுக் கொட்டகையில் கட்டுவது இன்றும் தொடர்கிறது. 'அந்தக் காலத்து இயந்திரம் எளிமையானது, யாரும் கட்டலாம்' என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். அந்த விளக்கம் தவறு என்பதே என் கட்சி. பழைய பந்தய இன்ஜின் எளிமையானதல்ல. அதில் நேரும் பிழைகள் மனிதக் கைக்கும் மலிவான கருவிக்கும் எட்டும் அளவில் இருக்கின்றன, அவ்வளவுதான். அந்தப் பிழைகளைப் பிடிக்க ஒருவரின் திறமையைவிட இரண்டாவது ஆளின் சந்தேகமே அதிகம் உதவுகிறது. பெற்றோரின் உதவிக்கு உண்மையான மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

முதலில் அந்த 'எளிமை'யைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1954-க்குப் பின் வந்த 500 சிசி மான்க்ஸ் இன்ஜினில் சிலிண்டரின் விட்டம் 86 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம் 85.6 மி.மீ. நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் நொடிக்கு 120 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்குகிறது. ஆகவே அதன் சராசரி வேகம் நொடிக்கு 20 மீட்டருக்குச் சற்று மேல், அதாவது மணிக்கு ஏறத்தாழ 74 கி.மீ. கேட்கப் பெரிதாகத் தோன்றாது. ஆனால் இந்த வேகத்தில் போகும் பொருள் நொடிக்கு 240 முறை முழுதாக நின்று திசை திரும்புகிறது. மேல் உச்சியில் திரும்பும் கணத்தில் அதன் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் சுமார் 3000 மடங்கு. 300 கிராம் எடையுள்ள பிஸ்டன் அந்தக் கணத்தில் கிட்டத்தட்ட 900 கிலோ எடைக்குச் சமமான விசையோடு கனெக்டிங் ராடைப் பிடித்து இழுக்கிறது. இந்த விசை சுற்று வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், சுற்றைப் பத்து சதவீதம் கூட்டினால் இழுவை இருபத்தொரு சதவீதம் கூடிவிடும். கியர் மாற்றுவதில் ஒரு நொடி தடுமாறி, இன்ஜின் அளவுக்கு மேல் சுற்றிவிட்டால் ராட் உடைவது ஏன் என்பது இதிலிருந்தே புரியும். இதை எளிய இயந்திரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் இதே இன்ஜினின் தலைவிதியைத் தீர்மானிக்கும் அளவுகள் எவை என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். அழுத்த விகிதத்தை எடுத்துக்கொள்வோம். பிஸ்டன் கீழே இருக்கும்போது அதன் மேலுள்ள மொத்த இடத்துக்கும், மேலே வந்ததும் மிஞ்சும் இடத்துக்கும் உள்ள விகிதம் அது. 500 சிசி இன்ஜினில் இந்த விகிதம் 10-க்கு 1 ஆக இருக்க வேண்டுமானால் மேலே மிஞ்சும் எரிஅறையின் கொள்ளளவு 55.5 சிசி. அது 50 சிசி ஆகிவிட்டால் விகிதம் 11-க்கு 1. நடுவில் உள்ள வித்தியாசம் ஒரு தேக்கரண்டி. சாதாரணப் பெட்ரோலில் அந்த ஒரு தேக்கரண்டி, நல்ல சக்திக்கும் பிஸ்டனின் தலையில் ஓட்டை விழுவதற்கும் இடையிலான தூரமாக இருக்கலாம். அதை அளக்கவும் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, அதன் ஓரத்தைக் கிரீஸ் தடவி அடைத்து, ஸ்பார்க் பிளக் துளை மேல்நோக்கி நிற்கும்படி இன்ஜினைச் சாய்த்து, பள்ளிக்கூட வேதியியல் கூடத்தில் இருக்கும் ப்யூரெட்டால் மெல்லிய எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, துளையின் அடி விளிம்பைத் தொட்டதும் அளவைப் படித்தால் போதும். உள்ளே ஒரு காற்றுக்குமிழ் சிக்கிக்கொண்டால் மட்டும் அளவு குறைத்துக் காட்டும். எனவே இன்ஜினை இப்படியும் அப்படியும் ஆட்டி, இரண்டாம் முறை அளந்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே விட வேண்டிய இடைவெளியும் இதே கதைதான். அலுமினியம் சூட்டில் விரியும் வீதம் வார்ப்பிரும்பைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. 86 மி.மீ. அலுமினிய பிஸ்டனின் உடற்பகுதி 120 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 0.24 மி.மீ. பருக்கும். அதைச் சுற்றியுள்ள வார்ப்பிரும்புச் சிலிண்டர் 80 டிகிரி சூடேறினால் சுமார் 0.08 மி.மீ. மட்டுமே விரியும். மிச்சம் 0.16 மி.மீட்டருக்கு நாம் முன்கூட்டியே இடம் விட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிஸ்டன் பிடித்துக்கொண்டு பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். வார்ப்பிரும்புச் சிலிண்டரோடு சென்னையில் தயாரான பழைய ராயல் என்ஃபீல்டு புல்லட்டை வாங்கியவர்களிடம் 'ஆரம்பத்தில் விரட்டாதே' என்று மெக்கானிக்குகள் சொன்னதற்கும் இதில் பங்குண்டு. மைக்ரோமீட்டர் இந்த அளவுகளை நூறில் ஒரு மி.மீ. வரை காட்டும். ஆனால் அதற்கும் ஒரு சூது உண்டு. பிஸ்டனைக் கையில் பிடித்தபடியே அளந்தால், உள்ளங்கைச் சூட்டில் அது பத்து டிகிரி ஏறினாலே 0.02 மி.மீ. பருத்துவிடும். அளப்பவரின் கையே அளவைக் கெடுக்கிறது. பிஸ்டன், சிலிண்டர், மைக்ரோமீட்டர் மூன்றையும் ஒரே மேசையில் சில மணி நேரம் வைத்துவிட்டு அளப்பதும், வேறொருவர் கையால் மறுபடி அளப்பதும் இதனால்தான். இருவரின் அளவும் வேறுபட்டால் ஒருவர் எங்கோ தவறியிருக்கிறார், பெரும்பாலும் மைக்ரோமீட்டரின் திருகை அதிகம் இறுக்கியிருப்பார் என்று பொருள். ஒருவர் மட்டும் அளந்திருந்தால் அந்தத் தவறு இருப்பதே தெரிந்திருக்காது.

பற்றவைப்பு நேரத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. பெட்ரோல் கலவை ஒரே கணத்தில் வெடித்துவிடுவதில்லை. பிளக்கில் பிறந்த தீ எரிஅறையைக் கடக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அகலமான சிலிண்டரில் ஒரே பிளக் இருந்தால் பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு 35 டிகிரிக்கும் முன்பே பொறி விழ வேண்டியிருக்கும். 7200 சுற்றில் ஒரு டிகிரி என்பது நொடியில் 43,200-இல் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய நேரத்தை வீட்டில் எப்படி அளப்பது? அளக்க வேண்டியதே இல்லை. நின்றிருக்கும் இன்ஜினில் அந்த நேரம் ஒரு கோணமாக உருமாறிக் கிடக்கிறது. கிராங்க் முனையில் டிகிரி குறித்த வட்டத் தகட்டை மாட்டினால் கண்ணாலேயே படித்துவிடலாம். சிக்கல், உச்சி எங்கே என்று கண்டுபிடிப்பதில்தான். உச்சிக்கு அருகில் பிஸ்டன் அசைவதே தெரியாது: மான்க்ஸ் அளவுள்ள இன்ஜினில் கிராங்க் ஐந்து டிகிரி திரும்பினாலும் பிஸ்டன் 0.2 மி.மீ. மட்டுமே நகரும். நேராகப் பார்த்துக் குறித்தால் பல டிகிரி தவறு சர்வசாதாரணம். அதனால் உச்சியை யாரும் நேராகத் தேடுவதில்லை. பிளக் துளையில் ஒரு தடுப்புக் கம்பியைத் திருகி, பிஸ்டன் அதில் முட்டும்வரை ஒரு பக்கமாகச் சுற்றி டிகிரியைக் குறிக்கிறார்கள். பிறகு மறுபக்கமாகச் சுற்றி மறுபடி குறிக்கிறார்கள். ஒரு பக்கம் 26, மறுபக்கம் 20 என்று வந்தால், முள்ளை மூன்று டிகிரி நகர்த்தி இரண்டையும் 23 ஆக்க வேண்டும். உச்சி சரியாக நடுவில் இருக்கும். பிஸ்டன் மெதுவாக நகரும் இடத்தில் தேடாமல், வேகமாக நகரும் இரண்டு இடங்களில் அளந்து நடுப்புள்ளியைக் கணக்கிடும் இந்த உத்தியை எந்த ஆய்வகமும் மெச்சும்.

அடுத்து, பொறியை எழுப்பும் மேக்னெட்டோவின் பாயின்ட் (திறந்ததும் பொறி விழும் தொடுமுனை) எந்தக் கோணத்தில் திறக்கிறது என்று பார்க்க வேண்டும். இதற்குப் பழைய வழி சிகரெட் சுற்றும் மெல்லிய தாள். பாயின்ட்டுக்கு நடுவே தாளைச் செருகி லேசாக இழுத்தபடி இருக்க வேண்டும். வண்டியை டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தை மெல்லச் சுற்றினால் இன்ஜின் இம்மி இம்மியாகத் திரும்பும். பாயின்ட் திறக்கும் கணத்தில் தாள் விடுபட்டு வந்துவிடும். அப்போது டிகிரி வட்டம் காட்டும் எண்தான் விடை. பல் சக்கரங்களுக்கு இடையிலுள்ள தளர்வு ஏமாற்றாதிருக்க, எப்போதும் இன்ஜின் ஓடும் திசையிலேயே சுற்றி வர வேண்டும். தாண்டிவிட்டால் பின்னால் நன்றாகத் திருப்பிவிட்டு மறுபடி வர வேண்டும். இரண்டு கைகளால் இதைச் செய்ய முடியாது என்பது ஒரு பக்கம். அதைவிட முக்கியம், தாளை இழுப்பவர் டிகிரி வட்டத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தால், 37-ஐ எதிர்பார்ப்பவருக்குத் தாள் 37-இல்தான் விடுபடும். விரல் பொய் சொல்லவில்லை. எதிர்பார்ப்பு விரலை அழுத்துகிறது. மருந்துச் சோதனைகளில் யாருக்கு எந்த மருந்து என்று மருத்துவரிடமிருந்தும் மறைத்து வைப்பதற்கான காரணமும் இதுவே. ஒருவர் சக்கரத்தைச் சுற்றி எண்ணைப் படிக்க, மற்றவர் எண்ணைப் பார்க்காமல் தாளை இழுத்து 'இப்போ' என்று சொல்ல, பிறகு இருவரும் இடம் மாறி மறுபடி செய்ய, இரண்டு விடைகளும் ஒரு டிகிரிக்குள் வந்தால் மட்டும் திருகை இறுக்கலாம்.

இந்த இரண்டாவது ஆள் ஏன் அப்பாவாகவோ அம்மாவாகவோ இருக்க வேண்டும்? நல்ல மெக்கானிக் ஒருவர் போதாதா? திறமைக்கு மெக்கானிக் போதும். ஆனால் மெக்கானிக்கின் நேரத்துக்குக் கூலி உண்டு. ஏழாவது முறை பிரித்துப் பார்க்கலாம் என்று அவரிடம் கேட்க முடியாது. அவர் சொன்னால் பிள்ளை ஏற்றுக்கொள்ளும், எதிர்க்கேள்வி கேட்காது. வீட்டில் நிலைமை வேறு. 'நீ சரியாகப் படிக்கவில்லை' என்று அப்பா மகளிடம் சொல்லலாம். 'கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள்' என்று மகள் திருப்பிச் சொல்லலாம். உலகப் பட்டங்களை இரு சக்கரத்திலும் நான்கு சக்கரத்திலும் வென்ற ஒரே மனிதரான ஜான் சர்ட்டீஸ் இந்தச் சூழலிலிருந்து வந்தவர். 1934-இல் பிறந்தவர், அப்பா ஜாக், மோட்டார் சைக்கிள் வியாபாரி, புல்தரைப் பந்தயங்களில் சைட்கார் ஓட்டியவர். 14 வயதில் அப்பாவின் வின்சென்ட் வண்டியின் சைட்காரில் ஏறி மகன் பந்தயத்தில் வென்றார். வயது தெரியவந்ததும் அந்த வெற்றி ரத்தானது. 16 வயதில் வின்சென்ட் தொழிற்சாலையில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். 1951-இல் தர்க்ஸ்டன் ஓடுதளத்தில், நார்ட்டனின் நட்சத்திரமான ஜெஃப் டியூக்குக்கு ஒரு வின்சென்ட் கிரே ஃபிளாஷை ஓட்டிக் கடும் சவால் கொடுத்தபோது அவர் பதின்வயதைத் தாண்டவில்லை. பின்னாளில் எம்வி அகஸ்டா வண்டியில் ஏழு உலகப் பட்டங்களும், 1964-இல் ஃபெராரி காரில் ஃபார்முலா 1 பட்டமும் வென்றார். இந்த வெற்றிகளுக்கெல்லாம் அப்பாதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இன்ஜினைப் பிரிப்பதும் கேள்வி கேட்பதும் வீட்டுப் பேச்சாக இருந்த இடத்தில் வளர்ந்தவர், தொழிற்சாலைக்குள் நுழையும்போது முதல் நாளிலேயே பாதி தூரம் கடந்திருப்பார்.

இது கைத்தொழில்தானே, அறிவியல் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். புதிய விதி எதுவும் இங்கே கண்டுபிடிக்கப்படவில்லை என்பது உண்மை. அலுமினியத்தின் விரிவு வீதம் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் அறிவியலின் பெரும்பகுதி விதிகளைக் கண்டுபிடிப்பதல்ல. தன் அளவு எவ்வளவு நம்பத்தக்கது என்று அறிவதுதான். இருபக்கமும் முட்டி நடுவைக் காண்பது, எதிர்பார்ப்பு கலக்காமல் எண்ணைப் பெறுவது, ஒரே பொருளை இரண்டு கையால் அளந்து வித்தியாசத்தைப் பிழையின் அளவாகக் கொள்வது ஆகிய மூன்றும் கொட்டகையில் அன்றாட வேலைகள். பள்ளிச் செய்முறை வகுப்பில் விடை முன்பே தெரியும். மாணவர்கள் அதற்கேற்ப எண்களை எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவது ஊரறிந்த விஷயம். இன்ஜினிடம் அந்தக் கள்ளக் கணக்கு செல்லாது. தவறான எண்ணை எழுதினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும்.

இதைவிடக் கனமான கேள்வி ஆபத்து பற்றியது. மணிக்கு 180 கி.மீ. போகும் வண்டியை வீட்டில் கட்டிப் பிள்ளையை ஏற்றிவிடலாமா? இந்த இடத்தில் என் வாதத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. கைக்கு எட்டும் பிழைகளைப் பற்றித்தான் இதுவரை பேசினோம். எட்டாதவையும் உண்டு. உலோகச் சோர்வு அவற்றில் முதன்மையானது. ஒரு பாகம் பல லட்சம் முறை வளைந்து நிமிர்ந்தபின், மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசலாக அது தொடங்குகிறது. அளவு மாறாது, பளபளப்பும் குறையாது. மைக்ரோமீட்டர் ஒன்றும் சொல்லாது. அலுமினியத்துக்கும் மெக்னீசியத்துக்கும், எஃகுக்கு இருப்பதுபோல் 'இதற்குக் கீழே சோர்வே வராது' என்ற தெளிவான வரம்பு கிடையாது. 60 ஆண்டு பழைய கிராங்க்கேஸை நம்புவது அதனால் சூதாட்டம். ஃப்ரேமும் அப்படித்தான். பெல்ஃபாஸ்டைச் சேர்ந்த மெக்கேண்ட்லெஸ் சகோதரர்கள் வடிவமைத்து 1950-இல் களமிறங்கிய நார்ட்டனின் 'ஃபெதர்பெட்' ஃப்ரேம், மான்க்ஸில் ரெனால்ட்ஸ் 531 என்ற மெல்லிய எஃகுக் குழாய்களை வெண்கலத்தால் பற்றவைத்துச் செய்யப்பட்டது. எஃகையே உருக்கி ஒட்டும் வெல்டிங்கைவிட இதற்குச் சூடு குறைவு. குழாயின் வலிமை அதிகம் கெடாது. இது தெரியாமல் சாதாரண வெல்டிங் அடித்துச் சரிசெய்தால், ஒட்டு உறுதியாகத் தெரியும். அதன் பக்கத்திலேயே குழாய் முறியும். ஆகவே வீட்டில் அளக்க முடியாததை வீட்டில் தீர்மானிக்கக் கூடாது. சாய ஊடுருவல் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். கிராங்க்கையும் ராடையும் காந்தத்துகள் சோதனைக்கு அனுப்ப வேண்டும். பழைய ராடையும் வால்வு ஸ்பிரிங்கையும் யோசிக்காமல் மாற்ற வேண்டும். எது தன் அளவுக்கு எட்டாது என்று தெரிந்துவைத்திருப்பதும் அளவறிவின் பகுதிதான். அந்த எல்லையில் 'இதை நாம் செய்ய வேண்டாம்' என்று சொல்ல, பிள்ளையின் உயிர்மேல் அக்கறையுள்ள ஒருவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

இந்த எச்சரிக்கைக்குப் பழைய வண்டியின் ஒரு குறையே துணை நின்றது. அன்றைய பந்தய இன்ஜின்களில் பெரும்பாலும் ஊற்றப்பட்டது ஆமணக்கெண்ணெயை அடிப்படையாகக் கொண்ட மசகெண்ணெய். காஸ்ட்ரால் என்ற மசகெண்ணெயின் பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். ஆமணக்கெண்ணெயின் முக்கியக் கொழுப்பமிலமான ரிசினோலிக் அமிலத்தில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி கூடுதலாக உண்டு. அதனால் அது உலோகத்தை இறுகப் பற்றி, கடும் சூட்டிலும் படலமாக நின்று காக்கும். ஆனால் அதுவே சூட்டில் பிசுபிசுத்துக் கோந்தாகிப் படியும்; கனிம எண்ணெயோடும் ஒழுங்காகச் சேராது. இதைப் பயன்படுத்துபவர் இன்ஜினை அடிக்கடி பிரித்துக் கழுவியே தீர வேண்டும். பிரித்தால் பார்க்க வேண்டும். பார்த்தால் தேய்மானமும் விரிசலும் முன்கூட்டியே கண்ணில் படும்.

இன்றைய வண்டிகள் இதைவிட வேகமானவை, நம்பகமானவை. பின் எதற்கு இந்தப் பாடு என்ற கேள்வியும் நியாயமானதே. ஒரு பழைய மான்க்ஸ், இன்றைய 400 சிசி வண்டி ஒன்றோடு நாள் முழுக்க மல்லுக்கட்டினால் கடைசியில் தோற்கும். ஆனால் கற்றல் என்ற கோணத்தில் பார்த்தால், இன்றைய இன்ஜினில் கலவை தவறினால் சென்சார் உணர்ந்து கணினி திருத்திவிடும். தவறு நடந்தது ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. பழைய கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட் சிறிதாக இருந்தால் பிளக்கின் பீங்கான் வெளுத்துக் காட்டும், பெரிதாக இருந்தால் கரி படியும். பிழையைத் தானே மூடி மறைக்கும் இயந்திரம் ஓட்டுவதற்கு நல்லது. கற்பதற்குப் பிழையைக் காட்டிக்கொடுக்கும் இயந்திரம்தான் தேவை.

கடைசியாக, பர்ட் மன்ரோ. இரண்டாவது ஆள் வேண்டும் என்ற என் கூற்றுக்கு வலுவான எதிர்ச்சாட்சி அவர்தான். நியூசிலாந்தின் இன்வர்கார்கில் நகரக் கொட்டகையில், 1920-ஆம் ஆண்டு இந்தியன் ஸ்கவுட் வண்டியைப் பல பத்தாண்டுகள் பெரும்பாலும் தனியாகவே செதுக்கிக்கொண்டிருந்தார். வாங்கியபோது 600 சிசி, மணிக்கு 55 மைல்தான் வேகம். பிஸ்டன்களைப் பழைய டப்பாக்களில் தானே வார்த்து, இன்ஜினை 950 சிசியாக வளர்த்தார். 1967-இல், 68 வயதில், அமெரிக்காவின் பான்வில் உப்புத்தரையில் அவர் பெற்ற சாதனை வேகம் மணிக்கு 183.586 மைல் என்று பதிவானது. தனியாளும் சாதிக்கலாம் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் என்ன விலை கொடுத்து? உடைந்த பாகங்களை அவர் ஓர் அலமாரி நிறைய அடுக்கி வைத்திருந்தார். சந்தேகப்பட இன்னொருவர் இல்லாதபோது, அந்த வேலையை உடையும் பாகமே செய்ய வேண்டியிருக்கிறது. அவர் 1978-இல் இறந்து 36 ஆண்டுகளுக்குப் பின், 1967-இன் சாதனைக் கணக்கில் பிழை இருப்பதை அவருடைய மகன் ஜான் கண்டுபிடித்துச் சுட்டிக்காட்டினார். 2014-இல் பதிவு 184.087 மைலாகத் திருத்தப்பட்டது. சாதனை அமைப்பின் தாளில் அரை நூற்றாண்டு நெருங்கும்வரை கேள்வியின்றிக் கிடந்த பிழை, மகன் மறுபடி கூட்டிப் பார்த்தபோதுதான் வெளியே வந்தது.

ஆகவே பிள்ளையோடு சேர்ந்து பழைய பந்தய வண்டி கட்ட நினைக்கும் பெற்றோர், 'எனக்கு இன்ஜின் தெரியாதே' என்று தயங்க வேண்டியதில்லை. தெரிந்தவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம்: ஸ்பேனரைப் பிடுங்கித் தாங்களே முடித்துவிடுவார்கள், பிள்ளை வேடிக்கை பார்க்கும். தெரியாதவர் செய்ய வேண்டியது மூன்றே வேலைகள். அளந்த எண்ணைத் தேதியோடு நோட்டில் எழுதச் சொல்வது. அந்த எண்ணைப் பார்க்காமல் தானும் ஒருமுறை அளந்து பார்ப்பது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், எவ்வளவு அவசரமானாலும் அன்றைக்கு இன்ஜினை மூட விடாதிருப்பது. இந்த மூன்றையும் விடாமல் செய்தால், வண்டி பந்தயத்தில் தோற்றாலும் பிள்ளைக்கு ஒரு பழக்கம் கிடைத்துவிடும்: தான் சொல்லும் எந்த எண்ணுக்கும் எவ்வளவு பிழை சேர்ந்தே வருகிறது என்றும் சொல்லும் பழக்கம். அது இன்ஜினுக்கு வெளியேயும் செல்லுபடியாகும்.